கருத்தான ஆளுக்கு ஆயுள் கெட்டியா?

திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, ஜாதகம் பொருந்தியதும் வீட்டுப் பெரியவர் ஒருவர் பஸ் ஏறிவிடுவார். நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போகமாட்டார். அந்தத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லிவிட்டு, மழை தண்ணீர் எப்படி என்று தொடங்கி, மெதுவாக மாப்பிள்ளையிடம் வந்து சேருவார். அடுத்தது பலசரக்குக் கடை. அதற்கடுத்து இஸ்திரி போடுகிறவர். குடி உண்டா, கடன் உண்டா, கோபக்காரனா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாலும் கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "பையன் கருத்தானவன்தானா, அண்ணாச்சி?"

கருத்து என்றால் பொதுவாக அபிப்பிராயம். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சீட்டுப் பணத்தைத் தவணை தவறாமல் கட்டுகிறவன், ஓடு விலகியிருப்பதை ஐப்பசி மழைக்கு முன்பே கவனித்து மாற்றுகிறவன், மிச்சச் சில்லறையை எண்ணி வாங்குகிறவன், வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறவன் கருத்தானவன். இது எதுவும் இல்லாதவன் கருத்தில்லாத பயல். உளவியல் நூல்களைத் தமிழில் எழுதுகிறவர்கள் இந்தக் குணத்தைப் பெரும்பாலும் பொறுப்புணர்வு என்கிறார்கள். சரியான சொல்தான், ஆனால் அதில் கொஞ்சம் மேடைப் பேச்சு வாடை அடிக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் கருத்து என்றே சொல்லப்போகிறேன்.

டீக்கடை விசாரிப்பைப் போன்ற ஒன்றை 1930-களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லோவெல் கெல்லி என்ற உளவியலாளர் நடத்தினார். திருமணம் நிச்சயமாகியிருந்த 300 ஜோடிகளைப் பிடித்தார். அவர்களையும் கேட்டார், அவர்களுடைய நண்பர்களையும் கேட்டார்: இவர் எப்படிப்பட்டவர், வேலையை ஒழுங்காகச் செய்வாரா, எளிதில் கலங்குவாரா, பிறரோடு ஒத்துப்போவாரா என்று. ஒவ்வொருவரைப் பற்றியும் சில நண்பர்கள் மதிப்பெண் போட்டுக் கொடுத்தார்கள். கெல்லிக்கு வேண்டியிருந்தது அந்தத் திருமணங்கள் எப்படிப் போகும் என்பது. யார் எப்போது இறப்பார்கள் என்பது அவருடைய கேள்வியே அல்ல. ஆனால் தாள்கள் பத்திரமாக இருந்தன. சுமார் 75 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மணமக்களில் ஏறக்குறைய எல்லாரும் காலமான பின்பு, வேறு ஆய்வாளர்கள் அதே தாள்களை எடுத்து இறந்த தேதிகளோடு பொருத்திப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளிவந்தது. இருபதுகளில் கருத்தானவர் என்று நண்பர்களிடம் பெயர் வாங்கியிருந்த ஆண்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். பெண்களில், மனம் கலங்காதவர், இணக்கமானவர் என்று பெயர் வாங்கியவர்கள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு மனைவியிடம் எதிர்பார்க்கப்பட்ட குணங்கள் இவை என்பதை ஆய்வாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைவிட நண்பர்கள் போட்ட மதிப்பெண்தான் ஆயுளை நன்றாகக் கணித்தது. யோசித்தால் வியப்பில்லை. சோம்பேறி தன்னைச் சோம்பேறி என்று எழுதுவானா? அவனைப் பத்து வருடமாகப் பார்க்கிற நாலு பேர் சொல்வதைக் கூட்டி வகுத்தால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். எங்கள் ஊர்ப் பெரியவர் மாப்பிள்ளையிடம் கேட்காமல் இஸ்திரிக்காரரிடம் கேட்பதில் இத்தனை விஞ்ஞானம் இருக்கிறது.

ஆளுமையை அளக்க இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வது ஐந்து குணங்களை. கருத்து அவற்றில் ஒன்று. கலகலப்பாகப் பத்துப் பேரோடு பழகும் புறமுகப் பாங்கு, இணக்கம், புதியதைத் தேடும் நாட்டம், எதற்கெடுத்தாலும் கலங்கும் சஞ்சலம் ஆகியவை மற்ற நான்கு. இவற்றில் ஆயுளோடு விடாமல் ஒட்டிக்கொண்டு வருவது கருத்து ஒன்றுதான். 2013-இல் மார்க்கஸ் யோகெலாவும் அவருடைய குழுவினரும் 7 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 76,150 பேரின் தகவலை அலசினார்கள். கருத்தில் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களுக்கு, மற்ற இரு பங்கினரைவிட, ஆய்வுக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.4 மடங்காக இருந்தது. மற்ற நான்கு குணங்களும் அத்தனை ஆய்வுகளிலும் ஒரே திசையில் பேசவில்லை.

1.4 மடங்கு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு கூட்டத்தில் 100 பேர் இறந்தால், அதே அளவுள்ள இன்னொரு கூட்டத்தில் 140 பேர் இறப்பார்கள். அவ்வளவுதான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கணக்கில் வருவார் என்பதை இந்த எண் சொல்லாது. ஊருக்கு ஒரு தாத்தா இருப்பார். 14 வயதில் தொட்ட பீடியை 93 வயதிலும் விடாமல், ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நடந்து வருவார். "அவரைப் பாருங்கள், என்ன ஆகிவிட்டது?" என்பார்கள். அவரோடு சேர்ந்து பீடி குடிக்கத் தொடங்கியவர்கள் இன்று பேச வரமாட்டார்கள் என்பதுதான் அந்த வாதத்தின் பலம்.

அந்தத் தாத்தாவின் வயது உண்மையில் 93-தானா என்பதையும் கேட்கலாம். பிறப்பையும் இறப்பையும் கட்டாயமாகப் பதிவதற்கு நாடு முழுவதற்குமான சட்டம் வந்ததே 1969-இல்தான். எங்கள் ஆச்சிக்கு 88 வயது என்பது, காந்தி சுடப்பட்ட மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதையும் அப்போது ஐந்தாம் வகுப்பு என்று ஆச்சி சொல்வதையும் வைத்து நாங்கள் போட்ட கணக்கு. ரேஷன் அட்டை வேறொன்று சொல்கிறது. அமெரிக்காவிலேயே பிறப்புச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்த மாநிலங்களில், 110 வயதைத் தாண்டியவர்களாகச் சொல்லிக்கொண்டோரின் எண்ணிக்கை பெரிதும் இறங்கிவிட்டது என்று சால் நியூமன் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். நூறைத் தாண்டியவர்களின் ரகசியம் என்று எதையாவது படிக்கும்போது எனக்கு முதலில் அவர்களுடைய சான்றிதழைப் பார்க்கத் தோன்றுவது அதனால்தான்.

ஆச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன், முடித்துவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் வீடு. அடுப்படிச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். காலையில் பிரஷர் மாத்திரையை விழுங்கிய பிறகுதான் ஆச்சி முந்தைய நாள் தாளைக் கிழிப்பார். தாள் கிழியாமல் இருந்தால் மாத்திரை உள்ளே போகவில்லை என்று பொருள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. ஒருநாள் இரண்டு முறை போட்டுத் தலைசுற்றிப் படுத்த பிறகு தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு. கிழித்த தாள்களையும் எறிவதில்லை. வெற்றிலைச் சம்படத்தின் அடியில் விரிப்பார்.

ஆச்சியின் தம்பியை நாங்கள் சின்னத் தாத்தா என்போம். அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி போனால் நெல்லையப்பர் தேர் நிலைக்கு வரும்வரை அவரும் வீட்டுக்கு வரமாட்டார்; வரும்போது கையில் ஒரு கிலோ அல்வா இருக்கும், அதில் கால் கிலோ பஸ்ஸிலேயே தீர்ந்திருக்கும். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அவர் ஒரு நகைச்சுவையாகவே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். 61 வயதில் போய்விட்டார். சிரித்த முகமாக இருந்தால் நூறு வயது வாழலாம் என்று அவர் போன அன்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் இதே முரணை ஒரு பெரிய ஆய்வும் சந்தித்தது. 1921-இல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் கலிபோர்னியாவில் சுமார் 1,500 கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் அவர்களுடைய குணங்களுக்கு மதிப்பெண் வாங்கினார். டெர்மன் 1956-இல் இறந்தார், ஆய்வு தொடர்ந்தது. 1993-இல் ஹோவர்ட் ஃப்ரீட்மனும் அவருடைய சகாக்களும் அந்தப் பிள்ளைகளில் யார் யார் எந்த வயதில் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். கருத்தான பிள்ளைகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். எப்போதும் சிரித்து விளையாடும் உற்சாகப் பிள்ளைகளோ சராசரியாகச் சீக்கிரம் இறந்திருந்தார்கள். வளர்ந்த பிறகு அவர்களிடம் குடியும் புகையும் ஆபத்தைத் தேடிப்போகும் பழக்கமும் சற்றுக் கூடுதலாக இருந்தன. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை நோயில் கிடக்கும்போது நல்ல மருந்து. நோய் வருவதற்கு முன்பு அவ்வளவு நல்லதல்ல போலும்.

இதற்கு நேர் எதிரான முடிவும் உண்டு. டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986-இல் அமெரிக்கக் கத்தோலிக்கக் கன்னியர்களிடம் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவர்களில் 180 பேர், 22 வயதையொட்டி மடத்தில் சேர்ந்த காலத்தில், தம் வாழ்க்கையைப் பற்றிக் கைப்பட எழுதிக் கொடுத்த குறிப்புகள் கிடைத்தன. மகிழ்ச்சி, நன்றி, ஆசை, நம்பிக்கை ஆகியவற்றைச் சொல்லும் வரிகளை எண்ணினார்கள். அவ்வரிகள் மிகுதியாக இருந்த குறிப்புகளை எழுதியவர்கள், குறைவாக எழுதியவர்களைவிடத் தெளிவாகவே நீண்ட காலம் வாழ்ந்திருந்தார்கள்.

அப்படியானால் மகிழ்ச்சி ஆயுளைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. கன்னியர் மடத்தில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மணி, ஒரே படுக்கை நேரம். அங்கே சின்னத் தாத்தா வாங்கிவரும் அல்வா இல்லை. பீடியும் பிராந்தியும் இல்லை. உற்சாகம் ஓர் ஆளை எந்த வழியில் எல்லாம் கவிழ்க்குமோ அந்த வழிகளை எல்லாம் மடத்தின் ஒழுங்கு அடைத்துவிட்டது. உற்சாகத்தின் நன்மை மட்டும் மிஞ்சியது. மடத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு அந்த ஒழுங்கை அவரவர் குணம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கோபத்துக்கு வருவோம். எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் அரிவாளைத் தூக்குவார்கள் என்று சினிமாக்காரர்கள் ஒரு பெயரைக் கட்டிவைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை அரிவாள் பெரும்பாலும் இளநீர் வெட்டத்தான் பயன்படுகிறது. கோபத்துக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வு ஒரு நாற்காலியில் தொடங்கியதாகச் சொல்வார்கள். சான்பிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள். அவர்களுடைய காத்திருப்பு அறை நாற்காலிகளுக்கு மெத்தை மாற்ற வந்த ஆள், எல்லா நாற்காலிகளிலும் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதே என்று கேட்டாராம். நோயாளிகள் சாய்ந்து உட்காரவே இல்லை. எழுந்து ஓடத் தயாராக நுனியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். 1950-களின் முடிவில் அந்த இரு மருத்துவர்களும் இப்படி அவசரமும் போட்டியும் எரிச்சலுமாகத் திரியும் ஆட்களுக்கு 'ஏ வகை' என்று பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் இதய நோயோடு பலமான தொடர்பு தெரிந்தது. பிந்தைய ஆய்வுகளில் அது வலுவிழந்தது. எஞ்சி நின்றது பகைமை: யாரையும் நம்பாத, எல்லாரிடமும் உள்ளுக்குள் கொதிக்கும் குணம். இந்த ஆய்வுத்துறைக்குச் சிகரெட் கம்பெனிகள் பணத்தை அள்ளிக் கொடுத்ததும் பின்னாளில் அவற்றின் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. மாரடைப்புக்குக் காரணம் புகை அல்ல, ஆளின் சுபாவம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு லாபம்தானே. சுபாவத்தைப் பற்றிய எந்த ஆய்வைப் படிக்கும்போதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி.

கவலைப்படுகிறவர்களுக்கும் ஓர் ஆறுதல் இருக்கிறது. பிரிட்டனில் 37 முதல் 73 வயது வரையுள்ள 3,21,456 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. தம் உடல்நலம் சுமார் அல்லது மோசம் என்று சொன்னவர்களில், சஞ்சலம் மிகுந்தவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு சற்றுக் குறைவாக இருந்தது. காரணம் அறுதியாகத் தெரியாவிட்டாலும், நெஞ்சைக் கரிக்கிறது என்றால் வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கிறவரைவிட, பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போய் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுகிற பயந்தாங்கொள்ளி பிழைத்துக்கொள்ள வழி அதிகம் என்பதை ஊகிக்க முடிகிறது.

பத்துப் பேரோடு பழகுவதும் உதவுகிறது. 148 ஆய்வுகளில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல். இது குணத்தைவிடச் சூழ்நிலையைப் பற்றிய கணக்கு. ஆள் கூச்ச சுபாவமாக இருந்தாலும் தெருவில் திண்ணை இருந்தால் பேச்சுத்துணை கிடைத்துவிடும். இப்போது திண்ணையை இடித்து கார் நிறுத்துகிறார்கள்.

கருத்து எப்படி ஆயுளாக மாறுகிறது? பெரும்பகுதி சாதாரணக் காரியங்களின் வழியாகத்தான். 194 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வந்த ஒரு கட்டுரை, கருத்தானவர்கள் குறைவாகப் புகைக்கிறார்கள், குறைவாகக் குடிக்கிறார்கள், வண்டியை நிதானமாக ஓட்டுகிறார்கள், உடலை அசைக்கிறார்கள் என்று காட்டியது. தொற்றுநோய் ஒரே நாளில் கொன்ற காலத்தைவிட இன்று இந்தக் குணத்துக்கு மதிப்பு கூடியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கேட்பது வீரத்தை அல்ல. முப்பது வருடம், தினம் காலையில், ஒரு மாத்திரை.

இதுவரை சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் வாசலில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். முதல் நாளே இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்கிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒன்று தளர்ந்திருந்தாலும் கடையில் கழித்துவிடுவார்கள் என்பதால் விரல்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கருத்து என்றால் இதுதான். இவர்களில் ஒருவரைக் கெல்லியின் தாளில் ஏற்றினால் முழு மதிப்பெண் வாங்குவார். ஆனால் அந்தக் கருத்து நாள்தோறும் அவருக்கு ஈட்டித் தருவது கூலியோடு சேர்த்துப் புகையிலைத் தூசியும் கழுத்து வலியும். அலுவலகத்திலோ வங்கியிலோ இருக்கும் ஒருவருக்கு அதே குணம் சம்பள உயர்வும் காப்பீட்டு அட்டையுமாகத் திரும்பி வருகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிராமப்புறக் கறுப்பின இளைஞர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் இதையே வேறு விதத்தில் சொன்னது. தன்னடக்கம் மிகுந்த பிள்ளைகள் படிப்பிலும் நடத்தையிலும் முன்னேறினார்கள், மனச்சோர்வும் குறைவு. ஆனால் வறிய வீடுகளிலிருந்து வந்தவர்களில், அப்படி முன்னேறியவர்களின் ரத்த அணுக்கள் வயதுக்கு மீறி முதுமை அடைந்திருந்தன. எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவன் ஊர் போய்ச் சேரலாம். கால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

இந்தக் குணங்களை அளக்கும் கேள்வித்தாள்களே படித்த மேலைநாட்டவர்களை வைத்துத் தயாரானவை. பொலிவியக் காடுகளில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் சிமானே மக்களில் 632 பேரிடம் அதே தாளை அவர்கள் மொழியில் கொடுத்துப் பார்த்தபோது ஐந்து குணங்கள் பிரிந்து வரவில்லை. பிறரோடு பாங்காக இருப்பது, உழைப்பது என்று இரண்டுதான் தெளிவாகத் தெரிந்தன. எனக்கென்னவோ டீக்கடை விசாரிப்பும் இந்த இரண்டைத்தான் கேட்கிறது என்று படுகிறது.

பிறவிக் குணத்தைக் கட்டையில் வைத்தாலும் மாற்ற முடியாது என்பார்கள். 92 ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் வந்த கட்டுரை வேறு மாதிரி சொல்கிறது: இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் பெரும்பாலோருக்குக் கருத்து தானாகவே கூடுகிறது. கல்யாணம் செய்து வைத்தால் பையனுக்குப் பொறுப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையை நான் இதை வைத்து ஆதரிக்கப் போவதில்லை. அதற்கு விலை கொடுப்பது பெண்தான். குணம் மாறக் காத்திருக்காமல் வேலையை எளிதாக்குவது இன்னொரு வழி. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மறதிக்காரருக்கும் பீடித் தட்டை இறக்கிவைக்க நேரமில்லாதவருக்கும் அது பாதிக் கருத்தை வெளியிலிருந்து கொடுக்கிறது. மீதிப் பாதி, வந்த மாத்திரையை வாயில் போடுவது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் எழுந்ததும் ராகுகாலம் பார்க்கக் காலண்டர் பக்கம் போனவன், பழைய தாள்தானே தொங்குகிறது என்று அதைக் கிழித்துவிட்டேன். குளித்துவிட்டு வந்த ஆச்சி சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "தாளைக் கிழித்தது யார்?" என்றார். நான்தான் என்றேன். ஒன்றும் சொல்லாமல் மாத்திரை அட்டையை எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் ஒவ்வொரு குமிழாகத் தொட்டு எண்ணினார். "ஒன்பது. வாங்கினது செவ்வாய்க்கிழமை," என்றார். ஒன்றை உரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு, என் கையில் இருந்த தாளை வாங்கி நீவி, நாலாக மடித்துச் சம்படத்துக்குள் வைத்தார்.